டையிங் ரேட் ஏன் மஞ்சளானது? காஸ்டிங் ஷீட்டும் வண்ணம் பூசும் மேக்ரோவும்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆடைக்கு விலை கணக்கிடும் காஸ்டிங் ஷீட் இவர் பொறுப்பு. நூல் விலை, நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயமிடல்), காம்பாக்டிங் (துணியைச் சுருக்கிப் பதப்படுத்தல்), தையல் கூலி, டாலர் ரேட் எல்லாம் ஒரே எக்செல் ஃபைலில் இருக்கின்றன. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், கணக்குப் பிரிவில் ஒருவர், முதலாளியின் மகன் ஆகியோரும் அதே ஃபைலைத் திறந்து வேலை செய்கிறார்கள். போன சீசனில் ஒரு ஸ்டைலுக்கு (ஆடை மாடலுக்கு) டாலர் ரேட் எடுத்துவர வேண்டிய செல்லில், யாரோ ஃபார்முலாவின் மேலேயே எண்ணை அடித்துவிட்டார்கள். ரேட் ஷீட்டில் புது ரேட் போட்ட பிறகும் அந்த ஒரு வரி மட்டும் பழைய ரேட்டிலேயே நின்றது. ஆடை வாங்கும் பையருக்கு விலையும் அப்படியே போய்விட்டது. திட்டு வாங்கியது இவர்.

இனி இப்படி நடக்கக்கூடாது என்று கல்லூரியில் படிக்கும் உறவுக்காரத் தம்பியிடம் கேட்க, அவர் வாட்ஸ்அப்பில் ஒரு மேக்ரோ ஃபைல், அதாவது எக்செல்லில் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல், அனுப்பியிருக்கிறார். பட்டனை அழுத்தினால் கையால் அடித்த எண்கள் நீலம், ஃபார்முலாக்கள் பச்சை, எழுத்துகள் மஞ்சள். ஓட்டிப் பார்த்தால் புதுச் சிக்கல்கள். டையிங் ரேட்டில் பாதி மஞ்சளாகிவிட்டது. குழந்தைகள் உடுப்புக்கான சைஸ் வரிசையில் சிலது நீலம், சிலது மஞ்சள். முதலாளி ஓகே செய்த வரிகளுக்கு அவரே போட்டிருந்த மஞ்சள் அடையாளம் காணாமல் போனது. கன்ட்ரோல் இசட் வேலை செய்யவில்லை. மறுநாள் ஒருவர் ஃபார்முலாவை அழித்து எண் அடித்தும் அந்தச் செல் பச்சையாகவே இருந்தது. தம்பியிடம் சொன்னதும் "திருத்திய" மேக்ரோ ஒன்று வந்திருக்கிறது. அதை ஓட்டியதும் டையிங் ரேட் முழுவதும் நீலம். "இப்போது சரியாகிவிட்டது, இதையே வைத்துக்கொள்ளலாமா? ஃபார்முலாவை அழித்தது யார் என்பதற்கு இந்த நிறத்தை ஆதாரமாக முதலாளியிடம் காட்டலாமா? நான் கோடிங் கற்றுக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மேக்ரோவை இன்றே நிறுத்துங்கள். முதல் மேக்ரோ காட்டிய மஞ்சள்தான் உண்மை. அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தச் சொன்னதில், உங்கள் ஷீட்டில் இருந்த நிஜமான ஓட்டை மறைந்துவிட்டது.

மஞ்சளான டையிங் ரேட்

டையிங் யூனிட் அனுப்பும் ரேட்டை மெயிலிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ காப்பி செய்து ஒட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஒட்டும்போது 85 என்பது எண்ணாக இல்லாமல், எழுத்தாகச் செல்லுக்குள் உட்கார்ந்துவிடுவது உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இதில் வில்லங்கம் என்னவென்றால், அந்தச் செல்லை நேரடியாகப் பெருக்கினால் எக்செல் அதை எண்ணாகவே எடுத்துக்கொண்டு சரியான விடை தந்துவிடும். சம் ஃபங்ஷனில் மேலிருந்து கீழாகக் கூட்டும்போது மட்டும் சத்தமில்லாமல் அதை விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

உதாரணத்துக்கு, கிலோவுக்கு நூல் 280 ரூபாய், நிட்டிங் 15, டையிங் 85, காம்பாக்டிங் 8 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 388. டையிங் மட்டும் எழுத்தாக இருந்தால் சம் தரும் விடை 303. கிலோவுக்கு ஐந்து டி-ஷர்ட் என்றால் பீஸுக்கு 17 ரூபாய் குறைத்து விலை சொல்கிறீர்கள். பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் அது 1,70,000 ரூபாய். அதனால் மற்ற வேலையெல்லாம் அப்புறம். இந்த சீசனில் பையருக்கு ஏற்கெனவே விலை அனுப்பிய ஸ்டைல்களை எடுத்து, டையிங் மஞ்சளான வரிகளின் கூட்டுத்தொகையைக் கால்குலேட்டரில் ஒருமுறை சரிபாருங்கள்.

தம்பி இரண்டாவது மேக்ரோவில் என்ன செய்திருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. ஐஎஸ்நியூமெரிக் என்று ஒரு சோதனை உண்டு. "இதை எண்ணாகப் படிக்க முடியுமா?" என்பதுதான் அது கேட்கும் கேள்வி. எழுத்தாக இருக்கும் 85-க்கும் முடியும் என்றே பதில் வரும். காலிச் செல்லுக்குக்கூட அப்படித்தான். "உள்ளே இருப்பது எண்தானா?" என்பது வேறு கேள்வி. அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருக்கிறார், நீங்கள் கேட்டதையும் செய்து கொடுத்திருக்கிறார். ஆனால் உங்களுக்குத் தேவையானது முதல் மேக்ரோவின் கறார்தான்.

ரேட்டுகளைச் சரிசெய்வது எளிது. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், வேறெதையும் தொடாமல் ஃபினிஷ் அழுத்துங்கள். எழுத்தாக இருந்தவை எண்ணாகிவிடும். ஃபார்மட்டை நம்பர் என்று மாற்றினால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள், போதாது. அது வெளித்தோற்றத்தை மட்டும்தான் மாற்றும். ஃபினிஷ் அழுத்திய பிறகும் ஒன்றிரண்டு மஞ்சளாகவே நின்றால், எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்த இடைவெளியைக் காப்பி செய்து ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஒட்டி, காலியாக மாற்றிவிடுங்கள்.

சைஸ் வரிசையில் நடந்தது இதற்கு நேர் எதிர். 3-4 வயது, 5-6 வயது என்று நீங்கள் அடித்ததை எக்செல் ஏப்ரல் 3, ஜூன் 5 என்று தேதியாக எடுத்துக்கொண்டது. 13-14 தேதியாக முடியாது, அதனால் அது மட்டும் எழுத்தாகவே நின்று மஞ்சளானது. எக்செல்லில் தேதி என்பது உள்ளுக்குள் ஓர் எண்தான். 2025-ல் 3-4 என்று அடித்திருந்தால் செல்லுக்குள் இருப்பது 45750. யாரோ அது 3-4 போலத் தெரியும்படி ஃபார்மட் மாற்றி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. சைஸை வைத்து விலை தேடும் விலுக்அப் சில வரிகளில் மட்டும் கிடைக்காமல் போனதற்கும் இது காரணமாக இருக்கலாம், பாருங்கள். இனி அந்த நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டு அடியுங்கள். ஏற்கெனவே தேதியானவற்றைத் திரும்ப அடித்துவிடுங்கள். ஃபார்மட்டை மட்டும் மாற்றினால் 45750 என்றுதான் தெரியும். பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களையே இந்தத் தொல்லை விடவில்லை. மார்ச்1, செப்ட்1 என்ற மாதிரி குறுக்கப்பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், கடைசியில் 2020-ல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

வண்ணத்தை எவ்வளவு நம்பலாம்?

பச்சை நெடுவரிசைக்கு நடுவே ஒரே ஒரு நீலம் தெரிந்தால் அங்கே யாரோ ஃபார்முலாவை அழித்திருக்கிறார்கள். போன சீசனில் உங்களுக்குத் திட்டு வாங்கித் தந்த பிழை இந்த வகைதான், அதைப் பிடிக்க மேக்ரோ மிக நல்ல கருவி. அதற்காகப் பச்சையாக இருப்பதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் ஃபார்முலாவை அழிக்காமல், அதற்குள்ளேயே டாலர் ரேட் செல்லுக்குப் பதிலாக 83.5 என்று அடித்துவிட்டால் அந்தச் செல் பச்சையாகத்தான் இருக்கும். பிழையோ அதே பிழை.

கூட்ட வேண்டிய வரிகளில் சிலவற்றை விட்டுவிட்ட ஃபார்முலாவும் பச்சைதான். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-ல் வெளியிட்ட ஆய்வில் இதுதான் நடந்தது. சராசரி எடுக்கும் ஃபார்முலா 49-ஆம் வரி வரை போகாமல் 44-ஆம் வரியிலேயே நின்றுவிட்டதால், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டன. தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்த ஷீட்டையே கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான், 2013-ல் விஷயம் வெளியே வந்தது. எந்த வண்ண மேக்ரோவும் அதைக் காட்டிக்கொடுத்திருக்காது.

இந்த வகைப் பிழைகளுக்கு எக்செல்லிலேயே வேறு வழி இருக்கிறது. ஒரே ஃபார்முலா இருக்க வேண்டிய நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் ஜி அழுத்தி, ஸ்பெஷல் என்பதற்குள் காலம் டிஃபரன்சஸ் என்பதைத் தேர்வுசெய்யுங்கள். முதல் செல்லின் ஃபார்முலாவோடு ஒத்துப்போகாத செல்களை மட்டும் அது பொறுக்கிக் காட்டும். பையருக்கு விலை அனுப்பும் முன் இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. வண்ணத்தைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

அடுத்தது, எண் அடித்தும் பச்சை மாறாதது. மேக்ரோ ஓடிய நொடியில் செல் எப்படி இருந்ததோ அதற்கேற்ற நிறத்தைப் பூசிவிட்டு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு செல்லுக்குள் என்ன மாறினாலும் அதற்குத் தெரியாது. காலையில் பூசிய நிறத்தை நம்பி மாலையில் விலை அனுப்பினால், நிறம் இல்லாமல் அனுப்புவதைவிட ஆபத்து அதிகம். அனுப்பும் முன் பழைய நிறத்தை அழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

தினசரிக் காவலுக்கு மேக்ரோ வேண்டாம்

உடனுக்குடன் மாறும் நிறம் வேண்டுமென்றால், செல்லில் இருப்பதைப் பொறுத்து எக்செல் தானே நிறம் போடும் கண்டிஷனல் ஃபார்மட்டிங்தான் சரி. ஐஎஸ்ஃபார்முலா என்ற ஃபங்ஷன் எக்செல் 2013 முதல் இருக்கிறது. ஃபார்முலா மட்டுமே இருக்க வேண்டிய செல்களைத் தேர்ந்தெடுத்து, "இதில் ஃபார்முலா இல்லையென்றால் ஆரஞ்சு" என்று ஒரு விதி போட்டுவிடுங்கள். ஃபார்முலாவின் மேல் எண் அடித்த அந்த நொடியே செல் ஆரஞ்சாகும். மேக்ரோ ஓட வேண்டியதில்லை, கன்ட்ரோல் இசட்டும் போகாது, முதலாளி போனில் திறந்தாலும் தெரியும். ஒரே குறை, வேறு இடத்திலிருந்து காப்பி செய்து சாதாரணமாக ஒட்டினால் அந்தச் செல்லில் விதியும் அழிந்துபோகும். பேஸ்ட் வேல்யூஸ் மட்டும் பயன்படுத்தும்படி மற்றவர்களிடம் சொல்லி வையுங்கள்.

அதோடு ஷீட்டைப் பூட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் எல்லா செல்களும் ஏற்கெனவே லாக்டு என்ற நிலையில்தான் இருக்கும். புரொடெக்ட் ஷீட் கொடுக்கும்வரை அது செயல்படாது. கையால் நிரப்ப வேண்டிய நூல் விலை, கூலி போன்ற செல்களுக்கு மட்டும் லாக்டு டிக்கை எடுத்துவிட்டு ஷீட்டைப் பூட்டினால், ஃபார்முலா மேல் யாரும் தவறி அடிக்க முடியாது. இந்தப் பாஸ்வேர்டு கைதவறுதலைத் தடுக்கும், வேண்டுமென்றே உடைக்க நினைப்பவரைத் தடுக்காது. உங்கள் ஆபீசில் நடந்தது கைதவறுதல்தான் என்று தோன்றுவதால் இது போதும். ஷீட் பூட்டியிருக்கும்போது வண்ண மேக்ரோ பிழை காட்டி நிற்கும், பயப்பட வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வந்த ஃபைல்

தம்பி மேல் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு மேக்ரோ, உங்கள் லாகினில் நீங்கள் செய்யக்கூடிய எதையும் செய்ய முடியும்: ஃபைலை அழிக்கும், மெயில் அனுப்பும். 1999-லேயே மெலிஸா என்ற வேர்ட் மேக்ரோ வைரஸ், திறந்தவருடைய அட்ரஸ் புத்தகத்தில் இருந்த முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிப் பரவியது. 2022 முதல் இணையத்திலிருந்து வரும் ஃபைல்களின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியதும் இந்த மாதிரி தொல்லைகளால்தான். மேக்ரோ ஓடுவதற்காக எக்செல்லின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் டிரஸ்ட் சென்டரில் "எல்லா மேக்ரோவையும் அனுமதி" என்று மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே பழையபடி, அறிவிப்போடு தடுக்கும் நிலைக்குத் திருப்புங்கள். அது பையர் விவரம், வங்கி விவரம் எல்லாம் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர். சிஸ்டம் பார்ப்பவரிடம் சொல்லாமல் அதன் பூட்டைத் தளர்த்தினால், நாளை வேறு காரணத்தால் ஏதாவது நடந்தாலும் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

கோடிங் கற்க வேண்டுமா என்று கேட்டீர்கள். இதற்குத் தேவையில்லை. ரெக்கார்ட் மேக்ரோவை அழுத்தி, சேமிக்கும் இடமாக, உங்கள் கம்ப்யூட்டரில் மேக்ரோக்களுக்கென்றே தனியாக இருக்கும் பர்சனல் மேக்ரோ ஒர்க்புக்கைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கன்ட்ரோல் ஜி, ஸ்பெஷல், கான்ஸ்டன்ட்ஸ், அதில் நம்பர்ஸ் மட்டும் டிக், ஓகே. எழுத்து நிறத்தை நீலமாக்கி ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள். அவ்வளவுதான், உங்கள் மேக்ரோ தயார். இதேபோல் டெக்ஸ்டுக்கு ஒன்று, ஃபார்முலாவுக்கு ஒன்று. காஸ்டிங் ஃபைலில் மேக்ரோ எதுவும் ஒட்டாது, அதை வழக்கம்போலவே சேமிக்கலாம்.

மூன்றையும் ஒரே மேக்ரோவாக இணைக்க வேண்டாம் என்பது என் யோசனை. ஷீட்டில் அந்த வகைச் செல் ஒன்றுகூட இல்லையென்றால் 1004 என்ற எண்ணோடு மேக்ரோ நின்றுவிடும். தனித்தனியாக இருந்தால் எண்ட் அழுத்திவிட்டுப் போகலாம். பிழையைக் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று ஒரு வரியைச் சேர்த்து மூன்றையும் தொடர்ந்து ஓட விடுகிறார்கள் சிலர். அப்போது என்ன ஆகும் தெரியுமா? இரண்டாவது தேடல் தோற்றால், முதல் தேடலில் தேர்வான செல்களே தேர்வில் நிற்கும். இரண்டாவது நிறம் அவற்றின் மேல் விழும். எண்கள் எல்லாம் எழுத்தின் நிறத்தில் நிற்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

பின்னணி நிறத்தைத் தொடாமல் எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நிதி மாடல் செய்பவர்களிடம் நெடுநாள் வழக்கமே அதுதான்: கையால் அடித்த எண் நீலம், ஃபார்முலா கறுப்பு, வேறு ஷீட்டிலிருந்து வருவது பச்சை. முதலாளி பின்னணியில் போட்ட அடையாளமும் பிழைக்கும்.

ஷீட்டில் எதையுமே மாற்றாமல் பார்க்க மட்டும் வேண்டுமென்றால், எக்செல் போன்ற, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க்கில் ஃபைலின் பிரதியைத் திறந்து கன்ட்ரோல் எஃப்8 அழுத்துங்கள். எழுத்து கறுப்பாகவும் எண் நீலமாகவும் ஃபார்முலா பச்சையாகவும் தெரியும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

காணாமல் போன மஞ்சளும், முதலாளியும்

ஷீட்டை மாற்றும் மேக்ரோ ஓடியதும் எக்செல்லின் அண்டூ பட்டியல் காலியாகிவிடும். கன்ட்ரோல் இசட் வேலை செய்யாதது அதனால்தான். முதலாளிக்கோ மெர்ச்சண்டைசருக்கோ மெயிலில் போன பழைய பிரதி ஒன்று கட்டாயம் எங்காவது இருக்கும். அதில் அந்த ஷீட்டைக் காப்பி செய்து, இப்போதைய ஷீட்டில் பேஸ்ட் ஸ்பெஷல் போய் ஃபார்மட்ஸ் மட்டும் ஒட்டினால் நிறங்கள் திரும்பிவிடும். இடையில் வரிகள் சேர்ந்தோ நீங்கியோ இருந்தால் நிறம் தப்பான ஸ்டைலில் உட்காரும், அதனால் வரி எண்களை ஒப்பிட்டுவிட்டு ஒட்டுங்கள். அடையாளம் திரும்பிய பிறகு முதலாளியிடம் ஒருமுறை காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் ஓகே செய்யாத ஸ்டைல் ஓகே ஆனது போலத் தெரிந்தால் அது வேறு பிரச்சினை. இனி எந்த மேக்ரோவாக இருந்தாலும் எஃப்12 அழுத்திப் பிரதி எடுத்துக்கொண்டு, பிரதியில்தான் ஓட்ட வேண்டும். ஓகே என்பதற்கு நிறத்தை நம்பாமல், தனி நெடுவரிசையில் "ஓகே" என்றும் தேதியும் அடிக்கும் வழக்கத்துக்கு அவரைச் சம்மதிக்க வைத்தால் இன்னும் நல்லது.

நிறத்தை ஆதாரமாகக் காட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஃபார்முலா இருந்த இடத்தில் எண் இருக்கிறது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். யார் அடித்தார், எப்போது அடித்தார் என்பது தெரியாது. அதை வைத்து ஒருவர் பெயரைச் சொன்னால், "நீங்களே பூசியதுதானே" என்று அவர் கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது. ஃபைல் ஒன்டிரைவில் இருந்து, ஆபீசில் மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால், ரிவ்யூ மெனுவில் ஷோ சேஞ்சஸ் என்பதில் யார் எந்தச் செல்லை எப்போது மாற்றினார் என்று 60 நாள் வரைக்கும் பார்க்கலாம். போன சீசனுக்கு அது உதவாது. இந்த சீசனுக்கு உதவும்.

முதலாளியிடம் போகும்போது பழைய கதையை எடுக்காமல், டையிங் கணக்கைக் கொண்டுபோங்கள். "ரேட் எழுத்தாக ஒட்டியதால் இத்தனை ஸ்டைல்களில் கூட்டுத்தொகை குறைந்திருக்கிறது, இன்ன இன்ன விலைகளைப் பையருக்குத் திருத்தி அனுப்பலாமா?" என்று பட்டியலோடு கேளுங்கள். கூடவே இரண்டு அனுமதி வாங்குங்கள்: ஷீட்டைப் பூட்டுவதற்கு ஒன்று, டாலர் ரேட்டை நீங்கள் மட்டும் மாற்றுவதற்கு ஒன்று. இரண்டாவதை வாய்மொழியாக விடாமல், நான்கு பேருக்கும் ஒரு மெயிலாகப் போட்டுவிடச் சொல்லுங்கள்.